தூத்துக்குடியில் ஆறு வாரம் அமெரிக்கா

தலைமன்னார் இறங்குதுறையில் என் கடவுச்சீட்டைப் புரட்டிக்கொண்டிருந்த அதிகாரி, "இந்தியாவுக்கு என்னத்துக்குப் போறியள்?" என்று கேட்டார்.

"அமெரிக்காவைப் பற்றிப் படிக்கிறதுக்கு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கப்பல் நின்ற திசையைப் பார்த்தார். "பிள்ளை, அமெரிக்கா அந்தப் பக்கமில்லை" என்றார். பின்னால் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முத்திரை விழுந்தது.

அவர் சொன்னதில் பிழையில்லை. எழுபதுகளின் நடுப்பகுதி அது. பருத்தித்துறையில் ஒரு பெண்கள் பாடசாலையில் நான் ஆங்கில ஆசிரியை; வயது இருபத்தேழு. தூத்துக்குடியில் ஒரு கல்லூரி, அமெரிக்க வரலாறு, இலக்கியம், வாழ்க்கைமுறை எல்லாவற்றையும் ஆறு வாரத்தில் ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு ஒன்றைத் தொடங்கியிருந்தது. பாடம் நடத்த அமெரிக்காவிலிருந்தே ஒரு பேராசிரியை வந்திருந்தார். இலங்கைக்கென்று ஒதுக்கிய ஒரேயொரு இடம் எனக்குக் கிடைத்தது. எங்கள் தலைமையாசிரியை விடுப்புக் கடிதத்தில் கையெழுத்து வைக்கும்போதே சொல்லிவிட்டார்: "சான்றிதழோட வந்தால் மேல்வகுப்புக்கு அமெரிக்க இலக்கியம் தொடங்கலாம், பரமேஸ். இல்லாட்டி அந்தப் பழைய இலக்கணப் புத்தகந்தான்." ஐந்து வருடமாக அந்த இலக்கணப் புத்தகத்தை நடத்தி, அதன் அட்டையைக் கண்டாலே எனக்குத் தலையிடிக்கத் தொடங்கியிருந்தது.

தூத்துக்குடியில் இறங்கிய முதல் மாலை ஒரு ரொட்டிக்கடைக்குப் போனேன். எங்கள் நாட்டில் ரொட்டியைப் பாண் என்போம்; அப்போது அதற்குத் தட்டுப்பாடு. விடியுமுன்னே போய் வரிசையில் நின்றால்தான் ஒரு இறாத்தல் பாண் கிடைக்கும். கடை வாசலில் வேட்டி கட்டிய ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நான் பேசாமல் அவருக்குப் பின்னால் போய் நின்றேன். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். ஆட்கள் எங்களைத் தாண்டி உள்ளே போவதும் பொட்டலத்தோடு வெளியே வருவதுமாக இருந்தார்கள். இந்த ஊரில் ஒழுங்கே இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் அவர் திரும்பினார். "எம்மா, எதுக்கு என் பின்னாலயே நிக்கிய?"

"பாணுக்கு நிக்கிறன். நீங்கள் முன்னுக்கு நிக்கிறியளே."

"நான் பஸ்ஸுக்குல்லா நிக்கேன்!"

உள்ளே எட்டிப் பார்த்தேன். கண்ணாடி அலுமாரிகளில் ரொட்டி அடுக்கடுக்காக இருந்தது. வரிசையும் இல்லை, அளவும் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சிரிப்பும் வந்தது. அந்த மனிதரே கடைக்காரரிடம், "அண்ணாச்சி, இவங்களுக்கு நல்ல மக்ரூனா ரெண்டு குடுங்க, சிலோன்ல இருந்து வந்திருக்காங்க போலிருக்கு" என்றார். முட்டை வெள்ளையும் முந்திரிப்பருப்பும் சேர்த்துச் செய்த அந்தக் கூம்பு வாயில் வைத்ததும் கரைந்து காணாமல் போனது. மறுநாள் காலை வகுப்பில் பார்த்தால் அவரும் மாணவராக உட்கார்ந்திருந்தார். பெயர் செல்லத்துரை. தாமிரபரணிக் கரையில் நெல் விளைவிக்கும் குடும்பம். உயர்நிலைப் பள்ளி ஒன்றில் சரித்திர ஆசிரியர். அந்த ஆறு வாரமும் அவர் என்னை "பாண் டீச்சர்" என்றுதான் கூப்பிட்டார்.

நான் தங்கியிருந்த வீட்டில் இரண்டாம் நாள் தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் ஒவ்வொரு நாளும் இடியப்பத்தோடு சொதிதான். "உங்களிட்டயும் சொதி இருக்கோ!" என்று துள்ளினேன். வீட்டுக்கார அம்மாள் திகைத்துப்போனார். "இது கல்யாணம் முடிஞ்ச மறுநாள் மாப்பிள்ளைக்கு வைக்கிறதும்மா. நீங்க விருந்தாளின்னு வச்சேன். உங்க ஊர்ல தினமும் மாப்பிள்ளை விருந்தா?" என்றார்.

பேராசிரியையை எல்லோரும் மிஸ் டோரதி என்று அழைத்தார்கள். நாற்பது வயதிருக்கும். அயோவா மாநிலத்தில் மக்காச்சோளம் பயிரிடும் குடும்பத்துப் பெண். கைத்தறிச் சேலையை ஏழெட்டு ஊக்குகள் குத்தி நிறுத்தியிருந்தார். அப்படியும் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் முந்தானை சரிந்தது. முதல் மணி நேரத்திலேயே, "ஒவ்வொருவரும் என்னிடம் ஒரு கேள்வி கேளுங்கள், எதுவானாலும் சரி" என்றார்.

செல்லத்துரை சார், அங்கே ஒரு ஏக்கரில் எத்தனை மூட்டை விளையும் என்று கேட்டார். வேறொருவர் பனியைப் பற்றிக் கேட்டார். என் முறை வந்தது. அந்த நாட்டின் சரித்திரத்தையும் கதைகளையும் எத்தனை இரவு கண் விழித்து வாசித்திருக்கிறேன்! ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரோடு அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. "கேள்வி இல்லை, மேடம்" என்று உட்கார்ந்துவிட்டேன்.

மிஸ் டோரதி சிரித்தார். "பரவாயில்லை. ஆறு வாரம் இருக்கிறதே."

அதற்குப் பிறகுதான் விதியைச் சொன்னார்கள். கடைசி வாரத்தில் ஒவ்வொருவரும் ஒரு தலைப்பில் அரை மணி நேரம் வகுப்பை நடத்த வேண்டும். தாளைப் பார்த்து வாசிக்கக் கூடாது. எல்லோரையும் பேசவைக்க வேண்டும். அதைச் செய்யாதவர்களுக்குச் சான்றிதழ் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகப் பாஞ்சாலங்குறிச்சிக்குப் போனோம். கட்டபொம்மன் நினைவுக் கோட்டை அப்போது புதிது. சுண்ணாம்பு வாசம்கூடப் போகவில்லை. போகும் வழியில் மழை பிடித்துக்கொண்டு, வாடகை வேன் கரிசல் சேற்றில் அச்சு வரைக்கும் புதைந்தது. ஆண்கள் தள்ளினார்கள், அது அசையவில்லை. மிஸ் டோரதி செருப்பைக் கழற்றி வீசிவிட்டு இறங்கினார். "எங்கள் பண்ணையில் இதைவிட மோசம்" என்று சொல்லி, பக்கத்தில் கிடந்த சோளத்தட்டையை அள்ளிச் சக்கரத்துக்கு முன்னால் போட்டார். வேன் குதித்து ஏறியது. அவர் முகமெல்லாம் சேறு. கோட்டைக்குள் செல்லத்துரை சார் வெள்ளைக்காரர் வரி கேட்டதையும் கட்டபொம்மன் கொடுக்க மறுத்ததையும் உரத்த குரலில் விளக்க, மிஸ் டோரதி தங்கள் நாட்டில் தேயிலை வரிக்கு எதிராக எழுந்த கலகத்தைச் சொல்ல, இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே காலத்து மனிதர்கள் என்று எல்லோரும் மாறி மாறிப் பேசினார்கள். எனக்குள்ளும் சொல்ல ஆயிரம் இருந்தது. ஆனால் காவல்காரரிடம் வறுத்த கடலை வாங்கித் தின்றுகொண்டிருந்தேன்.

நவம்பர் பிறந்தது. எனக்கு விழுந்த தலைப்பு, அமெரிக்கர்களின் நன்றித் திருநாள். கப்பலில் வந்து குடியேறியவர்கள் முதல் அறுவடை முடிந்து விருந்து வைத்த கதை. நூலகத்தில் இருந்ததையெல்லாம் வாசித்து, பதினாறு பக்கம் எழுதி, மனப்பாடம் செய்யத் தொடங்கினேன். அந்தத் திருநாளும் எங்கள் கடைசி வாரத்து வியாழக்கிழமையில்தான் வந்தது. மிஸ் டோரதி ஒருநாள், "வீட்டில் இந்நேரம் அம்மா வான்கோழிக்குச் சொல்லிவைத்திருப்பார்" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். வகுப்பு ஒரே மனதாகத் தீர்மானித்தது: வியாழக்கிழமை அவருக்கு வான்கோழி விருந்து. தலைப்பு என்னுடையது என்பதால் கோழி பிடிக்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. வழிகாட்டச் செல்லத்துரை சார் வந்தார்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் குதிரை வண்டியில் திரேஸ்புரம் போனோம். கிறிஸ்மசுக்காக அங்கே சில வீடுகளில் வான்கோழி வளர்ப்பதாகக் கேள்வி. கரையேற்றிய வள்ளங்கள், கருவாட்டு வாசனை, காயப்போட்ட வலைக்கு நடுவே நடக்கும் கோழிகள், எல்லாம் பருத்தித்துறைதான். ஒரு வீட்டு முற்றத்தில் இரண்டு வான்கோழிகள் கழுத்தைத் தூக்கிக்கொண்டு உலாவின. ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் அரிவாள்மணையில் சீலா மீன் நறுக்கிக்கொண்டிருந்தார். அவர் பெயர் ரெஜினா என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

"அக்கா, உங்களோட கொஞ்சம் கதைக்க வேணும்" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "கதையா? மீன் நறுக்குத நேரத்துல கதையா சொல்லப்போறிய? எந்த ஊரு நீங்க?"

"யாழ்ப்பாணம்."

முகம் மலர்ந்தது. "எங்க வீட்டுக்காரவுக தோணியில கொழும்புக்குத்தான் போயிருக்காவ. அங்கன மழையா?"

கொழும்பு எங்களுக்கும் தூரம் என்று சொல்லி, வந்த விஷயத்தைச் சொன்னேன். ரெஜினா அக்கா கத்தியைப் போல ஒரே வெட்டில் மறுத்தார். "அது கிறிஸ்மசுக்கு வளக்குதது. குடுக்கமாட்டேன்." பிறகு என் முகத்தைப் பார்த்து இரங்கினாரோ என்னவோ, "கதை சொல்ல வந்தேன்னிய, அதையாவது சொல்லிட்டுப் போங்க. அந்த வெள்ளக்காரவுக எதுக்கு இந்தக் கோழிய அறுக்காவ?" என்றார்.

எங்கள் ஊரில் கதைப்பதென்றால் பேசுவது என்று விளக்க வாய் திறந்தேன். செல்லத்துரை சார் என் கையைச் சுரண்டினார். "சொல்லுங்க டீச்சர், கதையே சொல்லுங்க."

ரெஜினா அக்கா நான் உட்கார ஒரு பலகையை இழுத்துப் போட்டார். பதினாறு பக்கத்தில் ஒரு வரிகூட எனக்கு ஞாபகம் வரவில்லை. சும்மா சொல்லத் தொடங்கினேன். கடவுளைத் தங்கள் வழியில் கும்பிட விடவில்லை என்று ஒரு கூட்டம் கப்பலேறியது. குளிர்காலத்தில் போய் இறங்கி, வசந்தம் வருமுன்னே பாதிப் பேர் செத்துப்போனார்கள். விதைக்கவும் தெரியவில்லை, மீன் பிடிக்கவும் தெரியவில்லை. அப்போது அந்த மண்ணின் பழைய குடிகளில் ஒருவர் வந்து, குழி தோண்டி மீனைப் புதைத்து அதன்மேல் சோளம் ஊன்றக் கற்றுக்கொடுத்தார்.

"மீன உரமாவா போட்டாவ?" ரெஜினா அக்கா அரிவாள்மணையை மடக்கிவிட்டார்.

"ஓமக்கா. விளைச்சல் நல்லா வந்தது. மூண்டு நாள் விருந்து. பழைய குடிகளும் மான் அடிச்சுக்கொண்டு வந்து கூடவே இருந்து சாப்பிட்டினம். அதை நினைச்சுத்தான் இண்டைக்கும் இந்த விருந்து."

"நல்ல கதைதான்." அவர் கையைத் துடைத்தார். "பொறவு?"

"பிறகென்ன? அவ்வளவுதான்."

"அதெப்படி அவ்வளவுதான்? சோறு போட்டவுக என்ன ஆனாவ?"

என் பதினாறு பக்கமும் விருந்தோடு முடிந்திருந்தது.

ரெஜினா அக்கா சிரித்துவிட்டார். "ஏளா, எங்க ஊருக்கும் அந்தக் காலத்துல பறங்கிய கப்பல்ல வந்தாவ, அதான் கேட்டேன். அவுக பேரு எங்களுக்கு வந்துச்சு. எங்க முத்து அவுகளுக்குப் போச்சு. பேரும் நல்ல பேருதான், அதுல எனக்குக் கோவம் இல்ல. ஆனா கேட்டா பதிலு வேணும்லா?"

பிறகு எழுந்து போய், பெரிய வான்கோழியின் காலைச் சேர்த்துக் கட்டித் தூக்கி வந்து என் மடியில் வைத்தார். இரண்டு நிபந்தனை. வியாழக்கிழமை அவரே வந்து சமைப்பார். மசாலா இல்லாமல் வேகவைத்து அந்தக் கோழியை யாரும் வீணாக்கக் கூடாது. இரண்டாவது, அன்றைக்கு நான் அவருக்குப் பதிலோடு வர வேண்டும்.

திரும்பும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. இன்ஜின் ஊதிய சத்தத்துக்குக் குதிரை மிரண்டது, வண்டி குலுங்கியது, கட்டு அவிழ்ந்து வான்கோழி என் தலைக்கு மேலால் பறந்தது. வான்கோழி அவ்வளவு வேகமாக ஓடும் என்று எந்த அமெரிக்கப் புத்தகத்திலும் எழுதவில்லை. நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் ஓடினேன். "பிடியுங்கோ! பிடியுங்கோ!" என்று கத்தினேன். உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்களுக்கு என் தமிழ் வேடிக்கையாகப் போயிற்று. "ஏலே, புடியுங்கோலே!" என்று அவர்களும் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். தெரு முழுக்க 'புடியுங்கோ'. கடைசியில் ஒரு சைக்கிள் கடைக்குள் குடையை விரித்துப் பிடித்து அதை மூலையில் மடக்கினேன். கை தட்டினார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது ஒன்று தோன்றியது: அறியாத ஊரில், அறியாத மனிதர்கள் முன்னால் நான் இவ்வளவு நேரம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். ஒன்றும் ஆகிவிடவில்லை.

புதன்கிழமை என் முறை. எழுதி வைத்திருந்த தாள்களை என் அறையிலேயே விட்டுவிட்டுப் போனேன். வகுப்பு முன்னால் நின்று, திரேஸ்புரத்தில் நடந்ததை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். இலக்கணம் இரண்டு இடத்தில் சறுக்கியது. இலக்கண ஆசிரியை நான், கவனித்துக்கொண்டே தாண்டிப் போனேன். முடிவில் மிஸ் டோரதியைப் பார்த்து, "முதல் நாள் நான் கேட்காத கேள்வியை இன்றைக்குக் கேட்கிறேன். உணவு கொடுத்தவர்கள் என்ன ஆனார்கள்?" என்றேன்.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து முன்வரிசைப் பெஞ்சில், மாணவர்களோடு உட்கார்ந்தார். "நான் பள்ளியில் படித்த புத்தகமும் விருந்தோடுதான் முடிந்தது" என்றார். "அடுத்த தலைமுறையிலேயே போர் வந்தது. கொல்லப்பட்டவர்கள் பலர். பிடிபட்டவர்களைக் கடல் கடந்து அடிமைகளாக விற்றார்கள். நிலம் கைமாறியது. இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டபோது எனக்கு முப்பது வயது."

வகுப்பு பற்றிக்கொண்டது. விருந்தையே விட்டுவிட வேண்டும் என்றார் ஒருவர். விருந்து பொய்யில்லையே, அந்த மூன்று நாளும் நடந்ததுதானே என்றார் இன்னொருவர். செல்லத்துரை சார் எழுந்து, நன்றி சொல்ல ஒரு நாள் வைத்தவர்கள் கணக்குக் கேட்கவும் ஒரு நாள் வைத்திருக்கலாம் என்றார். நூலகத்திலிருந்து புத்தகங்கள் வந்தன; விருந்துக்கு அடுத்த அத்தியாயத்தைத் தேடி ஆளுக்கொரு பக்கமாக வாசித்தோம். அரை மணி நேரம் என்று தொடங்கியது மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் நிற்கவில்லை. நான் யாரையும் பேசவைக்க வேண்டியிருக்கவில்லை, உட்காரவைக்கத்தான் பாடுபட்டேன்.

வியாழக்கிழமை காலையே ரெஜினா அக்கா வந்துவிட்டார். மிஸ் டோரதி கோழியை முழுதாகச் சுட வேண்டும் என்றார். ரெஜினா அக்கா குழம்பு வைக்க வேண்டும் என்றார். இரண்டு பேரும் தத்தம் பாஷையில் அரை மணி நேரம் வாதாடி, ஒரு வார்த்தை புரியாமலேயே உடன்பாட்டுக்கு வந்தார்கள்: வெளியே மசாலா, உள்ளே முந்திரியும் தேங்காயும் கலந்த சோறு, சுடுவது ரொட்டிக்கடை அடுப்பில். காலை ரொட்டி எடுத்த சூட்டில் அண்ணாச்சி கோழியை உள்ளே தள்ளினார். காத்திருந்த நேரத்தில் நான் ரெஜினா அக்காவுக்கு முந்தின நாள் வாசித்ததையெல்லாம் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து கேட்டார். "நெனச்சேன்" என்று மட்டும் சொன்னார்.

கல்லூரிக் கூடத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு வாழை இலை விரித்தோம். வெளியே மழை கொட்டியது. கோழி கறுத்துச் சிவந்து வந்தபோது மிஸ் டோரதி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். முதல் துண்டைத் தின்றுவிட்டு உறைப்பில் கண்ணீர் விட்டார். தண்ணீர் குடித்துவிட்டு இன்னொரு துண்டு கேட்டார். சரித்திர ஆசிரியர்கள் சோற்றுக்குள் முந்திரியைத் தேடினார்கள். செல்லத்துரை சார், மக்காச்சோளம் நட்ட குழியில் மீன் போட்டால் எறும்பு வராதா என்று மிஸ் டோரதியிடம் சாப்பாட்டுக்கு நடுவே விசாரித்தார்.

ரெஜினா அக்கா உட்கார மறுத்து, பரிமாறிக்கொண்டே இருந்தார். மிஸ் டோரதியின் இலைக்கு வந்தபோது நின்று, என்னிடம், "இவுககிட்ட ஒண்ணு கேளு. அந்த சனம் இப்பவும் யாராவது இருக்காவளா?" என்றார்.

ஆங்கிலத்தில் கேட்டேன்.

"இருக்கிறார்கள்" என்றார் மிஸ் டோரதி. "அந்தக் கடற்கரையிலும் இருக்கிறார்கள். எங்கள் மாநிலத்திலும் வேறு குடிகள் இருக்கிறார்கள். எங்கள் பண்ணையிலிருந்து காரில் மூன்று மணி நேரம். நான் ஒருமுறைகூட அவர்கள் வீட்டுக்குப் போனதில்லை."

நான் என் தமிழில் சொன்னதைச் செல்லத்துரை சார் திரேஸ்புரத் தமிழில் திரும்பச் சொன்னார். ரெஜினா அக்கா கரண்டியை வைத்துவிட்டு யோசித்தார்.

"அப்பம் ஊருக்குப் போனதும் அங்கன போயி ஒரு வாய் சாப்பிட்டுட்டு வரச் சொல்லு."

நான் மொழிபெயர்த்தேன். மிஸ் டோரதி அவரை நிமிர்ந்து பார்த்தார். ஆறு வாரத்தில் அவர் பொறுக்கிச் சேர்த்த தமிழ் பத்துச் சொல் இருக்கலாம். அதில் ஒன்றைத் தேடி எடுத்தார். "போறேன்" என்றார். பிறகு நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டு, ரெஜினா அக்காவின் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். செல்லத்துரை சார் ஓடிப்போய் இன்னொரு இலை கொண்டுவந்தார்.

சனிக்கிழமை சான்றிதழ் தந்தார்கள். அடுத்த வருடம் எங்கள் பாடசாலையில் மேல்வகுப்புக்கு அமெரிக்க இலக்கியம் தொடங்கியது. பதினொரு பெண்கள் சேர்ந்தார்கள்.

அந்த வருடக் கடைசியில் மிஸ் டோரதியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தன் மாநிலத்துப் பழைய குடிகளின் வீட்டுக்குப் போயிருக்கிறார். வாசலில் நின்று என்ன சொல்வதென்று தெரியாமல், இந்தியாவில் ஒரு மீனவப் பெண் அனுப்பினாள் என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்களாம். சோளத்தில் ஏதோ கஞ்சி மாதிரி, இறைச்சி போட்டது, இரண்டு கிண்ணம் குடித்தேன் என்று எழுதியிருந்தார். இதைத் திரேஸ்புரத்துக்குத் தெரிவிக்க முடியுமா என்று கேட்டிருந்தார்.

கடிதத்தைத் தமிழில் எழுதிச் செல்லத்துரை சாருக்கு அனுப்பினேன். அவர் பஸ் பிடித்துப் போய், ரெஜினா அக்கா வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசித்துக் காட்டினாராம். அக்கா வலையை ஒதுக்கி வைத்துவிட்டு முழுவதும் கேட்டார். இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார். எனக்கு வந்த பதில் கடிதத்தில், அவர் சொன்னதைச் செல்லத்துரை சார் ஒரு எழுத்து மாற்றாமல் எழுதியிருந்தார்:

"ரெண்டு கிண்ணமா குடிச்சாவ? அப்பம் சந்தோசம். பதிலுக்கு அந்த டீச்சர் அவுகளத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாவளான்னு கேட்டு எழுதச் சொல்லுங்க."